ஒழுக்குப் பார்க்கிறவள்

வண்டி ரெடியாகலீங்க. மொதல்லயே சொல்லீர்றேன். சனிக்கெழம தர்றேன்னு வாக்குக் குடுத்தவன் நாந்தான், இன்னைக்குத் திங்கக்கெழம. நீங்களும் கோத்தகிரியில இருந்து பஸ் புடிச்சு, அத்தன வளைவும் சுத்தி எறங்கி வந்திருக்கீங்க. திட்டறதா இருந்தா திட்டிக்கங்க, நா வாங்கிக்கறேன். ஆனா உக்காந்துட்டுத் திட்டுங்க. அந்தச் சேரு வேண்டாம், அதுக்குக் கால் ஆடுது. இதுல உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா? சரி, அப்பறமாச் சொல்றேன்.

ஜீப்புக்குப் புது டாப்பு வந்துருச்சுங்க. அதா, செவுத்துல சாச்சு வெச்சிருக்கறது உங்குளுதுதான். புதங்கெழமையே எறங்கிருச்சு. பழசக் கழட்டோணும், இதத் தூக்கி மாட்டோணும், சுத்திச் சிலிக்கான் பசை அடிக்கோணும், ஒரு நாள் காய உடோணும், தண்ணி பீச்சி ஒழுக்குப் பாக்கோணும். அவ்வளவுதானுங்க சோலி. போல்ட்டு எட்டையும் கழட்டீட்டேன். மரக்கெள உழுந்து மேல வெடிச்சிருக்குதே, அது ஒண்ணும் பெரிய விசயமில்ல, போற டாப்புதான. இனி உள்ள பூந்து அந்தப் பழைய சிலிக்கான மட்டும் கத்தியில அறுத்தா டாப்பு தனியாக் கையோட வந்துரும். அதத்தானுங்க என்னால அறுக்க முடியல. மூணு நாளாக் கத்திய எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கறேன்.

ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. கை நல்லாத்தான் இருக்குது. சொன்னாத்தான் உங்குளுக்குப் புரியும், சித்த நேரம் கேளுங்க.

இந்த வண்டிய நீங்க வாங்கி ரெண்டு வருசமாச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னால இது குன்னூர்க்காரர் ஒருத்தருதுங்க. அஞ்சு வருசத்துக்கு முந்தி இந்த டாப்ப மாட்டுனதே நாந்தான். ரெக்சின் படுதாவோட வந்துச்சு, ஃபைபர் டாப்போட போச்சு. ரெண்டு வருசத்துல ஒரு சொட்டாச்சும் உள்ள உழுந்துச்சுங்களா? உங்கூர் மழைக்கே உழுகலியில்ல? அதத்தான் கேட்டேன். கதவச் சாத்தறப்ப கண்ணாடிய ரெண்டு விரக்கட எறக்கி வெச்சாத்தான் சாத்தும், கவனிச்சிருப்பீங்க. உள்ள இருக்கற காத்து போறதுக்குச் சந்து இல்லீன்னா கதவு திரும்பி வந்துரும். நாச்சிமுத்து அடச்சாக் காத்துக்கூடப் போகாதுன்னு வால்பாறை வரைக்கும் பேசுவாங்க. நா பெருமைக்குச் சொல்லலீங்க, பேசுனாங்க.

இந்தச் சோலியில ஒரு சூட்சுமம் இருக்குது. வெளிய நிக்கறவனுக்கு ஒழுக்குத் தெரியவே தெரியாது. தண்ணி வெளிய ஒரு எடத்துல பூரும், டாப்புக்குள்ளயே நாலடி ஓடி, சம்பந்தமே இல்லாம வேற எடத்துல எட்டிப் பாக்கும். அதனால ஒரு ஆளு உள்ள உக்காரோணும். நா வெளிய தண்ணி ஓஸ் புடிச்சு அடிக்கறப்ப, உள்ள இருக்கற ஆளு கண்ணு சிமிட்டாமப் பாத்து, சொட்டு வர்ற எடத்துல சாக்பீஸ்ல கோடு போடோணும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிசம், நாலு பக்கம், முக்கா மணி நேரம் வெச்சுக்கங்க.

உள்ள உக்காந்தது என்ர சம்சாரமுங்க. வசந்தாமணி. பதினெட்டு வருசம் அவதான் உக்காந்தா. ஆளு வெச்சுப் பாத்தேன், எவனும் ஒரு மாசத்துக்கு மேல நிக்கல. நா கோவக்காரன்னு வெளிய பேசிக்குவானுங்க. வேலைல சுத்தம் கேட்டா அது கோவமுங்களா? நீங்களே சொல்லுங்க. அவளுக்கு என்ர கொணம் தெரியும். அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனது இல்ல. அப்புடி ஒத்துமையான குடும்பமுங்க எங்குளுது.

உள்ள இருந்தாப் பேசறது கேக்காதில்லீங்களா? தண்ணிச் சத்தம், மோட்டார்ச் சத்தம். அதனால கண்ணாடியில தட்டறதுன்னு ஒரு ஏற்பாடு. ஒரு தட்டுன்னா ஒழுகுது, நிறுத்து. ரெண்டு தட்டுன்னா ஓஸ அக்கட்ட நகுத்து. மூணு தட்டுன்னா கதவத் தொற. முன்கதவு ரெண்டுக்கும் புது ரப்பர் பீடிங் ஒட்டியிருப்போம், பசை காயற வரைக்கும் அதத் தொறக்கக் கூடாது. பின்கதவு வழியாத்தான் போக்குவரத்து. அந்தப் பின்கதவுக்கு உள்ள கைப்புடி கெடையாது, வெளிய இருந்துதான் தொறக்க முடியும். அவ மூணு தட்டுனா நா போய்த் தொறந்து உடுவேன்.

ஒடனே தொறந்துருவீங்களான்னு கேட்டுராதீங்க. கையில வேல இருக்குமில்லீங்க. ஓஸச் சுருட்டோணும், மோட்டார அமத்தோணும். ஆராச்சும் கஸ்டமர் வந்து நின்னுருப்பாங்க, மரியாதைக்கு நாலு வார்த்தை பேசோணும். 'இரு புள்ள, வர்றேன்'னு ஒரு சத்தம் குடுப்பேன். அவ தட்டறத நிறுத்திக்குவா. நெம்பப் பொறுமைக்காரி.

உள்ள சிலிக்கான் வாடை இருக்குமுங்க. காயறப்ப புளிச்ச வாடையா ஒண்ணு வரும், மூக்குக்குள்ள ஏறும். கண்ணு எரியுதுங்கன்னு சொல்லுவா. எறங்கி வந்து மொகத்தக் கழுவுன்னு சொல்லுவேன். கழுவிக்குவா. அவ்வளவுதான்.

மொதல்ல நாலஞ்சு கோடு போடுவா. நா அந்த எடத்தச் சரி பண்ணுவேன், மறுபடி தண்ணி அடிப்பேன். எல்லாப் பட்டறையிலயும் இருக்கறதுதான். எட்டு வருசத்துக்கு முந்தி சிறுமுகையில இருந்து ஒரு வண்டி வந்துச்சு. மூணு நாள் ராவு பகலாப் பண்ணுன வேல. தண்ணி அடிச்சு முடிச்சுக் கதவத் தொறந்து உள்ள பாக்கறேன், பதினோரு கோடு. பதினோரு எடத்துல ஒழுகுது. வண்டிக்காரரு வேற பக்கத்துலயே நிக்கறாரு. எனக்குத் தலைக்கு ஏறிருச்சுங்க. கையில சிலிக்கான் பீச்சற இரும்புக் கன்னு இருந்துச்சு, வீசி எறிஞ்சேன். அவ மேல எறியலீங்க. செவுத்துப் பக்கந்தான் எறிஞ்சேன். அவ அந்நேரம் பாத்து வண்டியில இருந்து எறங்குனா, குறுக்க ஆயிருச்சு. புருவத்துல பட்டு மூணு தையல். 'ஏம்புள்ள, பாத்து எறங்கக் கூடாதா'ன்னு கேட்டேன். 'கவனிக்கலீங்க மாமா'ன்னா. நாந்தான் ஆசுபத்திரிக்கு வண்டியில வெச்சுக் கூட்டீட்டுப் போனேன்.

அதுல ஒரு அதிசயம் பாருங்க. அதுக்கப்பறம் ஒழுக்கே இல்ல. அடுத்த வண்டி, தண்ணி அடிச்சு முடிச்சுக் கதவத் தொறந்து 'எத்தன புள்ள?'ங்கறேன், 'ஒண்ணுமில்லீங்க'ங்கறா. அதுக்கு அடுத்ததுலயும் ஒண்ணுமில்ல. ஒரு கோடு இல்ல. ஏழு வருசமுங்க. ஏழு வருசமாச் சாக்பீஸ் டப்பா அப்புடியே கெடந்துச்சு. எனக்குக் கை செட்டாயிருச்சுன்னு நெனச்சேன். அன்னைக்குக் கோவப்பட்டதுலதான் வேலைல கவனம் வந்துச்சுன்னு அவகிட்டயே சொல்லியிருக்கறேன். ஆமாங்கன்னு தலையாட்டுனா.

ஒழுக்குப் பாத்து முடிஞ்சா மத்தியானமாயிரும். நா ஊட்டுக்குப் போய்ச் சாப்புட்டு ஒரு தூக்கம் போடுவேன். ஊடு பின்னாலதான். 'நீங்க போங்க மாமா, நா பட்டறையக் கூட்டிப் போட்டு வர்றேன்'னு அவ இருந்துக்குவா. பட்டறை கூட்ட ஒன்றர மணி நேரமான்னு ஒரு நாள் கேட்டேன். ஃபைபர் தூசி மூலைக்குள்ள பூந்துக்குதுங்கன்னா. நெசந்தான், அந்தத் தூசி பொல்லாதது, கையில பட்டா அரிக்கும். சுத்தக்காரின்னு நெனச்சுட்டுத் தூங்கப் போயிருவேன்.

அப்பறம் அவளுக்கு இருமல் வந்துச்சுங்க. நெஞ்சு இழுக்கும், பேசறப்பவே மூச்சு வாங்கும். கல்யாணத்துக்கு முன்னால அவ பஞ்சு மில்லுல ஆறு வருசம் வேல செஞ்சவ. அந்தப் பஞ்சு நெஞ்சுல தங்கிருச்சு. ஆசுபத்திரியில டாக்டரம்மா எங்கிட்டக் கேட்டாங்க, ஊட்டுல எதாச்சும் கெமிக்கல் பொழங்கறீங்களான்னு. இல்லவே இல்லீங்கன்னேன். ஊட்டுல எங்கீங்க பொழங்கறோம்? எல்லாம் பட்டறையிலதான. மில்லு வேல பாத்தான்னு எடுத்துச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.

ஒடம்பு சரியில்லாதப்பவும் அவ பட்டறைக்கு வர்றத நிறுத்தல. வேண்டாம்னு சொன்னனுங்க நானு. ஒரு தடவ சொன்னேன். 'நா வராட்டி ஆருங்க உள்ள உக்காருவா'ன்னா. கடைசியில வண்டியில ஏற முடியல அவளால. நாந்தான் கையக் குடுத்து ஏத்தி உட்டேன். அவ்வளவு பாசமா இருந்தோம்.

வர்ற ஐப்பசி வந்தா வருசம் திரும்புதுங்க. பதிமூணு நாள் ஆசுபத்திரியில இருந்தா, அப்பறம் போயிட்டா. எம்புள்ள சுகந்தி, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கறேன், அவ எழவுப் பந்தல்ல வெச்சு எல்லாரு முன்னாலயும் எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னா, 'எங்கம்மாளப் பொட்டிக்குள்ள வெச்சு அடச்சே வெச்சிருந்தீங்க'ன்னு. பெத்தவளப் பறிகுடுத்த வேதனையில என்னமோ பேசறான்னு உட்டுட்டேன். அதுக்கப்பறம் அவ இந்தப் பக்கம் வர்றதில்ல. போன் பண்ணுனா எடுப்பா, 'ம்'ங்கறதுக்கு மேல பேச்சு இருக்காது.

கருமாதி முடிஞ்சு பட்டறையத் தொறந்தேன். மொத வண்டி ஒழுகுச்சுங்க. பாலக்காட்டு வண்டி, வாளையார் தாண்டறதுக்குள்ள சீட்டு நனஞ்சுருச்சுன்னு போன்ல கத்தறாரு. ரெண்டாவது வண்டியும் ஒழுகுச்சு. உள்ள உக்கார ஆளில்ல, சீட்டு மேலயும் கீழயும் பேப்பர விரிச்சுப் போட்டுத் தண்ணி அடிச்சுப் பாக்கறேன், எங்க நனஞ்சிருக்குதோ அதுக்கு நேரா மேல பாத்து அடைக்கறேன், அது வேற எடத்துல இருந்து வருது. சிலிக்கான் கம்பெனி மாத்துனேன். மூணு தடவ மாத்துனேன். கன்னு புதுசு வாங்குனேன். இப்ப வர்ற ஃபைபரே ஓரம் சரியில்லீங்கன்னேன். மழையே முன்ன மாதிரி இல்ல, சாஞ்சு அடிக்குதுன்னேன். நா சொல்லாத காரணம் இல்லீங்க. ஒவ்வொண்ணையும் நம்பிட்டுத்தான் சொன்னேன்.

அப்பத்தான் நீங்க வந்தீங்க. புதங்கெழம வண்டிய உட்டுட்டுப் போனீங்க. வியாழக்கெழம முன்கதவுக்குப் புது பீடிங் ஒட்டுனேன். வெள்ளிக்கெழம காலைல முன் கண்ணாடி பிரேமுல துரு இருந்துச்சு, அதச் சொரண்டி உள்ள சிலிக்கான் அடிச்சு வெச்சேன். அப்பறம் டாப்பக் கழட்டலாம்னு போல்ட்ட எல்லாம் எடுத்துட்டு, உள்ள ஓரம் ஒட்டியிருந்த ரெக்சின் பட்டிய உரிச்சேன்.

உரிச்சாக்க அடியில வேற சிலிக்கான் இருக்குதுங்க.

எனக்குப் பத்திக்கிச்சு. என்ர வேலைல எவனோ கை வெச்சிருக்கறான். நா சிலிக்கான் போட்டா ஒரே இழுப்பு, சோப்புத் தண்ணியில வெரல நனச்சு இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு ஒரே கோடா இழுப்பேன். இது அப்புடியில்ல. அங்கங்க அப்பி, கட்டவெரல்ல அமுக்கி அமுக்கி வெச்சிருக்குது. பதினாலு எடம். வெள்ளிக்கெழம உங்குளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன் பாருங்க, வேற பட்டறைக்கு எங்காச்சும் உட்டீங்களா, நெசத்தச் சொல்லுங்கன்னு? கொஞ்சம் சத்தமாவே பேசுனேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அதுக்குத்தான். நீங்க இல்லவே இல்லீங்கன்னீங்க.

போன வெச்சுட்டு டார்ச் அடிச்சுக் கிட்டத்துல போய்ப் பாத்தேன். சோமாசி செய்யறப்ப பூரணம் வெளிய வராம இருக்க ஓரத்த அமுக்குவாங்கல்ல? அதே மாதிரி, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. சின்ன வெரலு. ஆம்பளக் கட்டவெரல் இல்ல. சிலிக்கான் காஞ்சு கண்ணாடியாட்ட இருக்குது, ரேகை கூடத் தெரியுது. அந்த ரேகைய நடுவுல வெட்டிட்டு ஒரு கோடு போகுதுங்க. பதினாலுலயும் அந்தக் கோடு இருக்குது. மில்லுல மிசின்ல மாட்டி வசந்தாமணிக்குக் கட்டவெரல்ல ஒரு வெட்டு உண்டு. சோத்துல கை வெச்சா எரியுதுன்னு கல்யாணமான புதுசுல சொல்லுவா.

அப்புடியே தரையில உக்காந்துட்டேன்.

அவதான் அடச்சிருக்கறா. ஒண்ணும் ஒழுகலீங்கன்னு சொல்லிப் போட்டு, எங்கெங்க சொட்டுச்சுன்னு மனசுலயே வெச்சிருந்து, நா தூங்கப் போனதுக்கப்பறம் உள்ள பூந்து, தொடச்சு, அப்பி, அமுக்கி, மேல பட்டிய ஒட்டி வெச்சிருக்கறா. ஏழு வருசம். வால்பாறை வரைக்கும் பேசுனாங்களே நாச்சிமுத்து கைவேலைன்னு, அது என்ர கையே இல்லீங்க.

சுகந்திக்குப் போன் போட்டேன். 'ஏஞ்சாமி, அம்மா உள்பக்கம் சிலிக்கான் வெப்பாளா?'ன்னு கேட்டேன். 'இப்பத்தான் தெரியுதுங்களாப்பா?'ங்கறா. 'உனக்குத் தெரியுமா?'ன்னேன். 'ட்யூப் வாங்கியாந்து குடுத்ததே நாந்தான். ஸ்கூல் பையில வெச்சுக் கொண்டாருவேன். அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெப்போம்'ங்கறா. 'எங்கிட்ட ஏஞ்சாமி ஒரு வார்த்தை சொல்லல?'ன்னு கேட்டேன். 'சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டா.

என்ன பண்ணியிருப்பனுங்க? பிரிச்சுத் திருப்பி அடச்சிருப்பேன். சத்தம் போட்டிருப்பேன், சரி. நா என்ன அவள அடிக்கறவனா? கை நீட்டுனது இல்லீங்க ஒரு நாளும். புருவத்துல பட்டது அவ குறுக்க வந்ததுனால. செவுத்துப் பக்கந்தான் எறிஞ்சேன். என்ர பேரு கெட்டுறக் கூடாதுன்னு அவ பண்ணியிருக்கறா, பாசத்துல பண்ணியிருக்கறான்னு அன்னைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். பயத்துல பண்ணியிருப்பான்னு நா நெனைக்கல. என்னப் பாத்துப் பயப்பட என்ன இருக்குதுங்க?

நீங்க தரையப் பாக்கறீங்க.

சனிக்கெழம காலைல, அறுத்துத்தான ஆகோணும், கோத்தகிரிக்காரரு வந்துருவாரேன்னு கத்திய எடுத்துட்டு உள்ள ஏறுனேன். ஏறுனவனுக்கு, அவ உக்காந்த எடத்துல ஒரு தடவ உக்காந்து பாக்கலாம்னு தோணுச்சு. பதினெட்டு வருசத்துல நா ஒரு நாளும் உள்ள உக்காந்தது இல்லீங்க. அவ பாத்த மாதிரியே பாக்கோணும்னு பின்கதவ ஓங்கி இழுத்துச் சாத்துனேன். டொக்குன்னு உழுந்துருச்சு.

முன் பிரேமுக்கு அடிச்ச சிலிக்கான் இன்னும் முழுசாக் காயல, ராத்திரி பூரா வண்டி அடச்சே கெடந்திருக்குது. அந்தப் புளிச்ச வாடை மூஞ்சியில அறையுது. வெளிய வெயிலு. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், கண்ணுல தண்ணி ஊத்துது. தொண்டைய அறுக்குது. இருமல் வந்துச்சு பாருங்க, நிக்கவே மாட்டீங்குது. அஞ்சு நிமிசங்கூட ஆகியிருக்காது. மேல பாத்துச் சொட்டு எங்கன்னு கண்டுபுடிக்கறதா, மூச்சு உடறதா? அவ முக்கா மணி நேரம் உக்காருவா. அது முடிஞ்சு மத்தியானம் ஒன்றர மணி நேரம் புது சிலிக்கான மூக்குக்கு நேரா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா.

வெளிய போகலாம்னு திரும்பறேன், கதவுக்குக் கைப்புடி இல்ல. எனக்குத் தெரியாததா? நா மாட்டுன கதவு. ஆனாக் கை தன்னாலே தேடுது. கண்ணாடியத் தட்டுனேன். மூணு தட்டு. ஆரு வருவா? மறுபடி மூணு. ரோட்டுல பஸ்ஸு போகுது, லாரி போகுது, எதுக்கால டீக்கடையில ஆளு நிக்கறது தெரியுது, ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்பல. 'இரு, வர்றேன்'னு சொல்லக்கூட வெளிய ஒரு ஆளு இல்லீங்க. அப்ப எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு பயம், அத வாயில சொல்ல வராது.

சீட்டத் தாண்டி முன்னால உழுந்து, முன்கதவ ஒதச்சுத் தொறந்து வெளிய வந்து உழுந்தேன். புது பீடிங்கு பிஞ்சு தொங்குது பாருங்க, அதுதான் காரணம். அத மாத்திக் குடுத்தர்றேன்.

நா அஞ்சு நிமிசத்துல ஒதச்சுட்டனுங்க. பதினெட்டு வருசத்துல அவ ஒரு நாளும் ஒதைக்கல. ஒதச்சா பீடிங் கெட்டுரும். பீடிங் கெட்டா நா சத்தம் போடுவேன். அதுக்குப் பயந்துட்டு, நெஞ்சு இழுத்துட்டிருந்தவ, மூணு தட்டுத் தட்டிப் போட்டுக் கம்முனு உக்காந்திருந்தா. நா வெளிய நின்னு ஊர்க்கத பேசிட்டிருந்தேன். சிரிச்சுப் பேசிட்டிருந்தனுங்க. கண்ணாடிக்குள்ள இருந்து அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மில்லுப் பஞ்சுதானுங்க அது? ஆறு வருசம் மில்லுல இருந்தா, அது நெஞ்சுல தங்காமப் போகுமா? டாக்டரம்மாளே எழுதிக்கிட்டாங்க. நாஞ்சொன்னதத்தான் எழுதுனாங்க. நீங்க படிச்சவரு, எஸ்டேட்டுல மருந்து அடிக்கறது எல்லாம் பாத்தவரு, நீங்க சொல்லுங்க. மில்லுதான்னு சொல்லுங்க. இல்லீன்னாலும் பரவால்ல, ஒரு தடவ சொல்லுங்க.

சரி. வேண்டாம். சொல்ல வேண்டாம்.

என்னுங்க? அந்த ஓரத்த அப்புடியே உட்டுட்டுப் புது டாப்ப மேல வெச்சிரலாமா? உங்க நல்ல மனசுக்குச் சொல்றீங்க. நானும் ரெண்டு நாளா அதத்தான் ரோசன பண்ணுனேன். ஆகாதுங்க. பழைய சிலிக்கான் மேல புதுசு ஒட்டாது, டாப்பு சமமா உக்காராது, மொத மழைக்கே ஒழுகும். அவ அடச்ச எடத்துல ஒழுகுச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாதுங்க. வெட்டி எடுத்து வெச்சுக்கலாமான்னும் பாத்தேன். தகரத்தோட புடிச்சிருக்குது, சொரண்டுனாத் தூளாத்தான் வரும். ஒண்ணும் மிஞ்சாது. அவளுதுன்னு எங்கிட்ட இருக்கறது இந்தப் பதினாலுதான். சீலையெல்லாம் சுகந்தி எடுத்துட்டுப் போயிட்டா. ஊருக்குள்ள ஓடற மத்த வண்டியெல்லாம் ஆராரோ வெச்சிருக்கறாங்க. பழைய நோட்ட எடுத்து நேத்தெல்லாம் போன் போட்டேன், கெடைச்சவங்களுக்கு. ஒழுகுதுங்களான்னு கேட்டேன். ஒருத்தரும் ஒழுகுதுன்னு சொல்லல. உள்பக்கம் பட்டிய மட்டும் எவனையும் உரிக்க உடாதீங்க சாமின்னு சொன்னேன். இந்தாளுக்கு என்ன ஆச்சுன்னு நெனச்சிருப்பாங்க.

இப்ப எதுக்கு எந்திரிக்கறீங்க? கத்தியா? நீங்களா?

உங்க வேலையில்லீங்க இது. சட்ட எல்லாம் வீணாப் போயிரும்.

இல்லீங்க, தடுக்கல. எடுத்துக்கங்க. நானே கேக்கலாம்னுதான் இருந்தேன், வாய் வரல. இந்தத் துணிய மூக்குல கட்டிக்கங்க. கால இந்தப் படியில வெச்சு ஏறுங்க, தல பத்தரம். இடது மூலையில இருந்து ஆரம்பிங்க. கத்தியப் படுக்க வெச்சு மெதுவா உள்ள உடுங்க. மெதுவாங்க. எடையில இருமல் வந்தா எறங்கீருங்க, அவசரமில்ல, இன்னைக்கு முடியலீன்னா நாளைக்கு.

தரை சரிவுல இருக்கறதுனால இந்தப் பின்கதவு தன்னாலே சாத்திக்கும். நா புடிச்சுக்கறேன். நீங்க தட்ட வேண்டியதில்லீங்க. கதவ நா உடவே மாட்டேன். இங்கயேதான் நிக்கறேன், எங்கயும் போகல.